கட்டைவலு: மானாவாரிக் கரும்பு ரகத் தேர்வுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

வெட்டிய கட்டையிலிருந்து ஒரு கரும்பு ரகம் எவ்வளவு நன்றாக மறுபடி தழைக்கிறது என்ற பண்புக்குச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை 'மறுவளர்ச்சித் திறன்', 'மறுதாம்புத் திறன்' இரண்டும் வந்திருக்கின்றன. நான் 'கட்டைவலு' என்று முன்மொழிகிறேன்.

முதல் சொல் எனக்கு ஒப்பவில்லை. அறுத்த தீவனப் புல்லும் கவாத்து செய்த தேயிலையும்கூட மறுபடி வளரத்தான் செய்கின்றன. இரண்டாவது தவறில்லை, வேளாண்மை ஏடுகளில் மறுதாம்பு நன்றாகவே ஊன்றிவிட்டது. ஆனால் மறுதாம்பு என்பது வெட்டிய கட்டையிலிருந்து எழும் பயிரின், அதாவது கட்டைப் பயிரின், பெயர். அதை நல்லபடி எடுப்பது விவசாயியின் திறனா, ரகத்தின் திறனா என்ற குழப்பம் அந்தச் சொல்லில் நிற்கிறது. கட்டை சீவுவதும், பயிர் இல்லாத இடங்களில் புதிதாக நட்டுப் போக்கிடம் நிரப்புவதும் விவசாயி வேலை. மண்ணுக்குள் இருக்கும் முளைப் பருக்கள் காயாமல் காத்திருந்து, மழை விழுந்ததும் முளைத்து, தமக்கென்று புது வேர் விடுவது ரகத்தின் குணம். 1918இல் வந்த கோயமுத்தூர் ரகமான கோ 205 தொடங்கி, காட்டுக் கரும்பின் கலப்பு இருக்கும் ரகங்களில் இந்தக் குணம் தூக்கலாக இருக்கும். நமக்குப் பெயர் வேண்டியது இதற்குத்தான்.

மேற்குக் கென்யாவைப் பாருங்கள். அங்கே கரும்பு பெரும்பாலும் மழையை நம்பியது, பெரும்பகுதி சிறு விவசாயிகளுடையது. நடவுப் பயிர் வெட்டுக்கு வர ஒன்றரை ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம். கரணை (நடுவதற்கான கரும்புத் துண்டு), உழவு, நடவுக் கூலி என்று எல்லாச் செலவும் முதல் பயிரின் தலையில் விழும். கையில் நாலு காசு நிற்பது கட்டைப் பயிரில்தான். அங்கே நெடுங்காலம் பரவலாக இருந்த கோ 421, கோ 617, கோ 945 மூன்றும் கோயமுத்தூரில் உருவானவை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1955இல் வெளிவந்த என்கோ 376 ரகத்துக்கும் பெற்றோர் நம் கோ 421, கோ 312. ஒட்டு இங்கே, தேர்வு அங்கே. 1860 முதல் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போய் உழைத்த கரும்புக் காடு அது. கட்டையிலிருந்து தழைக்கும் பண்புக்குத் தமிழில் நல்ல சொல் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, 'வறட்சி தாங்கும் திறன்' போதாதா என்று கேட்கலாம். போதாது. நிற்கும் பயிராக வறட்சியைத் தாங்கிய ரகம், வெட்டிய பிறகு பாதிக் கட்டை பட்டுப்போய் ஏமாற்றலாம். மானாவாரி ரகப் பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும்.

வரையறையில் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். கரணை வழியாகவும் வெட்டுக்கத்தி வழியாகவும் பரவும் மறுதாம்புக் குட்டை நோய், வெளியே தெளிவான அடையாளம் காட்டாமலே கட்டைப் பயிரைக் குறுக்கிவிடும். பழி ரகத்தின் மேல் விழும். ஆகவே இப்படி எழுதலாம்:

கட்டைவலு: நோயற்ற கரணையில் நட்ட ஒரு ரகம், அடுத்தடுத்த வெட்டுக்குப் பிறகும் தூர்களும் எடையும் பெரிதாகக் குறையாமல் கட்டையிலிருந்து தழைக்கும் இயல்பு.

கட்டைவலு மிக்க ரகம், கட்டைவலுச் சோதனை என்று தொடர்களும் எளிதாக அமைகின்றன. இலங்கையில் கட்டை என்றால் மைல் என்ற பொருளும் உண்டு, ஆனால் கரும்புப் பேச்சில் அது குறுக்கே வராது. 'வலு'வா 'உறுதி'யா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் பேச இடமுண்டு. ஆலைப் பகுதிகளில் களப்பணி செய்வோர் தங்கள் ஊர் வழக்கைச் சொன்னால் நல்லது.