பேப்பர் எழுதிட்டு இருக்கும்போதே புது ரிசல்ட் வந்தா? உங்க அனுபவம் சொல்லுங்க

நான் தொல்லியல்ல பிஎச்டி பண்றேன், தென்மாவட்டத்து முதுமக்கள் தாழிகள்ல கிடைச்ச இரும்புப் பொருட்கள்தான் என் பேப்பர். ஆரம்பிச்சப்போ காலக்கணிப்புக்கு ரெண்டு பாராதான் ஒதுக்கியிருந்தேன், கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்புக்கு கி.மு. 2172னு போட்டுட்டு நேரா வாள், கோடாலி, அம்புமுனைன்னு போயிடும். 2025 ஜனவரி 23ஆம் தேதி முதல்வர் தூத்துக்குடி மாவட்டத்து சிவகளை இடுகாட்டு இரும்போட காலக்கணிப்பு ரிசல்ட்டை வெளியிட்டாரு, கி.மு. 3345! டிபார்ட்மென்ட்ல எல்லாரும் ஃபோன்ல லைவ் பாத்துட்டு கை தட்டுறாங்க, எனக்கும் சந்தோஷம் தாங்கல, ஆனா என் டிராஃப்டோட முதல் பக்கமே ஆயிரம் வருஷத்துக்கு மேல பின்னாடி போகணுமே.

கைடு மேடம் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க, "வருஷத்தை மட்டும் மாத்தி எங்கிட்ட கொண்டு வராதம்மா, ரிப்போர்ட்டை முழுசா படிச்சிட்டு வா"ன்னு. கே. ராஜனும் ஆர். சிவானந்தமும் எழுதின 'இரும்பின் தொன்மை'தான் அது. அந்த 3345 இரும்புத் துண்டுல இருந்து நேரா எடுத்த தேதி இல்ல, தாழிக்குள்ள இருந்த கரியை ஏஎம்எஸ்ங்கிற கார்பன் காலக்கணிப்பு முறையில பாத்தது. அதே சிவகளையில இன்னொரு தாழி நெல்லுக்கு 2021லயே கி.மு. 1155னு வந்திருக்கு. ஒரே இடுகாட்டுல ரெண்டாயிரம் வருஷ வித்தியாசம்! நானோ எக்செல்ல எல்லாத் தாழிக்கும் சேத்து 'இரும்புக் காலம்'னு ஒரே காலகட்டம் போட்டு வச்சிருந்தேன். இப்போ அதை எடுத்துட்டு ஒவ்வொரு தாழிக்கும் தனி வரிசை, தேதி எடுத்த சாம்பிள் என்ன, எந்த லேப், மூடி உடையாம இருந்துச்சா, மண்ணு உள்ள போயிருந்துச்சான்னு நிரப்பிட்டு இருக்கேன். கேள்வியே மாறிடுச்சு, வாள் வடிவம் இத்தனை காலத்துல மாறுச்சா இல்லையாங்கிறதுதான் இப்போ பேப்பர். முன்னாடி இருந்ததை விட இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

---

அக்கா, நான் பயோஇன்ஃபர்மேடிக்ஸ், எனக்கும் இதே கதைதான். ஒரு பாக்டீரியா புரதத்தோட வடிவத்தை ஹோமாலஜி மாடலிங்ல, அதாவது ஏற்கனவே வடிவம் தெரிஞ்ச ஒத்த புரதத்தை டெம்ப்ளேட்டா வச்சு, கட்டிட்டு இருந்தேன், டெம்ப்ளேட்டே சரியா அமையாம நாக்கு தள்ளிடுச்சு. 2022 ஜூலையில ஏஐ கணிச்ச புரத வடிவங்களை வச்சிருக்கிற ஆல்ஃபாஃபோல்டு டேட்டாபேஸ்ல 20 கோடி புரதங்களுக்கு மேல ஏத்தினாங்க, தேடினா என்னோடதும் அங்க ரெடியா கிடக்கு. லேப் சீனியர் வேற டாபிக் பாருடான்னாரு. ஆனா கணிப்பை எவ்வளவு நம்பலாம்னு காட்டுற கலரைப் பாத்தா நடுப்பகுதி முழுக்க நீலம், அதாவது நம்பலாம், மருந்து போய் ஒட்டுற இடத்து லூப் (வளைவான பகுதி) மட்டும் ஆரஞ்சு, அந்த இடத்துல கணிப்பை நம்ப முடியாது. அந்த லூப்பை மட்டும் எடுத்து அது எப்படி அசையுதுன்னு கம்ப்யூட்டர் சிமுலேஷன் ஓட்டி பேப்பரை அதைச் சுத்தியே திருப்பி எழுதிட்டேன், பழைய மாடல்கள் சப்ளிமென்டரி, அதாவது கூடுதல் தகவல் பக்கம் போயிடுச்சு. உங்க பழைய டேபிளையும் தூக்கிப் போட்றாதீங்க அக்கா, பின்னிணைப்புல வைங்க, வைவால நிச்சயம் கேப்பாங்க.