கரண்ட் போச்சு, பம்ப் நின்னுச்சு: விறகு ஹீட்டர் ஓட்டுனவங்க சொல்லுங்க

நொய்யல் நைட்ஷிஃப்ட்:
2012 மின்வெட்டுச் சமயம். திருப்பூரில் ஒரு ஃபினிஷிங் யூனிட். விறகு எரித்து ஆயிலைச் சூடாக்கும் தெர்மிக் ஹீட்டர், துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷினுக்கு ஆயில் 250 டிகிரியில் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போனது, ஜெனரேட்டர் செல்ஃப் எடுக்கவில்லை. ஆயிலைச் சுற்றவிடும் சர்குலேஷன் பம்ப் சத்தம் நின்ற பிறகுதான் அடுப்பு எரிகிற சத்தமே காதில் விழுந்தது. பேனல் இருட்டு. அவுட்லெட் பைப்பில் இருந்த முள் மீட்டரை டார்ச் அடித்துப் பார்த்தேன். 250, 240, 225... இறங்கிக்கொண்டே வந்தது. சரி, ஆறுகிறது என்று ஜெனரேட்டர் பக்கம் போய்விட்டேன். விறகை வெளியே இழுக்கவில்லை.

அரை மணி கழித்து வந்த பெரிய ஃபயர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். "ஆயில் ஓடுனாத்தான் தம்பி அந்த முள்ளு நெசம் பேசும்." பைப்பில் நின்ற ஆயில்தான் ஆறியிருக்கிறது. அடுப்புக்குள் சுருண்டிருக்கும் குழாயான காயிலுக்குள் நின்றது வெந்துகொண்டிருந்தது. அப்புறம் காயிலை அறுத்தபோது உள்ளே அடிப்பிடித்த கூழ்ச்சட்டி மாதிரி கரி. அந்த முள் இறங்கினது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பெருந்துறை பங்காளி:
அரை மணியா! முதல் நிமிசமே கதவைத் திறந்து விறகை இழுத்துப் போட்டிருக்க வேண்டாமா? நான் பேசக் கூடாதுதான். நாங்கள் பதறிப்போய் இரண்டு குடம் தண்ணீரை அடுப்புக்குள் வீசினோம். நீராவி திரும்பி மூஞ்சியில் அடித்தது, புருவம் போச்சு. உள்ளே செங்கல் பட்டுப்பட்டென்று வெடித்தது.

ஈரோடு ஃபிட்டர்:
என் கதை சின்னது. லைன் வேலை முடிந்து கரண்ட் வந்தது, பம்ப் ஓடியது, பிரஷர் மட்டும் ஏறவில்லை. கரண்ட் லைனில் ஃபேஸ் வரிசை மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. சத்தத்தில் எந்த வித்தியாசமும் எங்களுக்குத் தெரியவில்லை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தீ அணைந்தாலும் ஆயில் 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை பம்பை நிறுத்தாதீர்கள், செங்கலில் சூடு மிச்சம் இருக்கும். ஸ்டாண்ட்பை பம்பை வாரம் ஒரு தடவையாவது மாற்றி ஓட்டுங்கள். சும்மா கிடந்தால் தேவைப்படுகிற அன்றைக்குச் சீல் ஒழுகும். பம்புக்கு ஆயில் வரும் வழியில் இருக்கும் வடிகட்டியை, சக்ஷன் ஸ்ட்ரெய்னரை, கழுவுங்கள். புது ஆயில் ஊற்றினால் 100 டிகிரி பக்கம் அவசரப்படாமல் ஏற்றுங்கள். உள்ளே இருக்கிற ஈரம் ஆவியானால் பம்ப் கூழாங்கல் அரைக்கிற மாதிரி கடகடக்கும், சூட்டில் விரியும் ஆயிலுக்காக மேலே வைத்திருக்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க் பொங்கி வழியும். ஆயில் ஓட்டம் குறைந்து பிரஷர் வித்தியாசம் இறங்கினால் அடுப்புக்குக் காற்று ஊதும் ஃபேனை நிறுத்துகிற சுவிட்சைச் சிலர் வேலை செய்யாதபடி ஒயர் போட்டுச் சேர்த்து வைத்திருப்பார்கள். அதை முதலில் பாருங்கள். விறகு ஈரமாக வந்தால்...

பெருந்துறை பங்காளி:
அண்ணா, போதுங்க. அது கிடக்கட்டும், ஜெனரேட்டர் ஏன் செல்ஃப் எடுக்கலை?

நொய்யல் நைட்ஷிஃப்ட்:
பேட்டரியைக் கழற்றிச் சாயங்காலமே டெம்போவுக்கு மாட்டியிருந்தார்கள். எனக்குச் சொல்லவில்லை.