தக்காளிக் காயின் நுனி கறுக்கிறது, பழத்தில் சுவையும் இல்லை

முள்ளியவளை வளவு:
அனைவருக்கும் வணக்கம். மாரி ஓய்ந்ததும் தை மாதத்தில் கிணற்றடியில் 12 தக்காளிக் கன்றுகளை நட்டேன். மாட்டெருவும் யூரியாவும் இட்டதில் செடிகள் இடுப்பளவுக்குச் செழித்து நிற்கின்றன. ஆனால் காய்களில் பூ இருந்த நுனி, ஐந்து ரூபாய்க் குற்றியளவுக்குக் கறுத்து, தோல் போல் காய்ந்து அமுங்குகிறது. பழுத்தவையும் சப்பென்று இருக்கின்றன. வேலைக்குப் போவதால் மூன்று நாளுக்கு ஒருமுறைதான் நிறைய இறைக்க முடிகிறது. அயலவர் ஒருவர் மருந்து அடிக்கச் சொல்கிறார், இன்னொருவர் பிடுங்கி எறியச் சொல்கிறார்.

விசுவமடு:
ஐயா, தயவுசெய்து பிடுங்க வேண்டாம். இது கிருமியால் வருவதன்று. காயின் நுனிக்குக் கல்சியம் சென்று சேராததால் ஏற்படும் அழுகல். வன்னியின் பல கிணறுகளில் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியுமளவுக்குச் சுண்ணாம்பு இருக்கும்போது, மண்ணில் கல்சியம் இல்லையென்று சொல்வதற்கில்லை. வேர் உறிஞ்சும் நீரோடுதான் அது மேலே ஏறுகிறது. அந்த நீரிலும் பெரும்பங்கை இலைகளே இழுத்துக்கொள்வதால், மண் காய்ந்து காய்ந்து நனையும்போது முதலில் தவிப்பது காய்தான். யூரியா இலையை மேலும் பெருக்குகிறது, அதை நிறுத்திவிடுங்கள். அடியில் நான்கு விரல் தடிப்புக்கு வைக்கோல் பரப்பி, காலையில் சிறிது நேரமாவது நாள்தோறும் வேரடியில் மட்டும் நீர் விடுங்கள். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டால் ஈரம் தட்டுப்பட வேண்டும். கறுத்த காய்கள் திரும்பித் தேறாது. அவற்றைக் கிள்ளிவிட்டால் அடுத்த குலைகள் நன்றாக வரும்.

செட்டிகுளம்:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். சுவைக்கு, நாளொன்றுக்கு ஆறு மணிநேரமாவது நேரடி வெயில் வேண்டும். காய்கள் நிறம் மாறத் தொடங்கியதும், செடி வாடாத அளவுக்கு நீரைச் சற்றுக் குறைத்தால் இனிப்பு செறிவாகும். பறித்த பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், குளிரில் மணம் போய்விடும். சித்திரை வெக்கையில் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிரும் என்பதால், அடுத்த முறை மார்கழியிலேயே நாற்றைத் தயார் செய்துவிடுங்கள்.

முள்ளியவளை வளவு:
மிக்க நன்றி. இன்று ஒரு செடி பச்சையாகவே வாடி நிற்கிறது. இதுவும் நீரால்தானா?

விசுவமடு:
தண்டின் அடியை வெட்டி, ஒரு கிளாஸ் தெளிந்த நீரில் நுனி மட்டும் படும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை நூல் இறங்கினால் அது பக்டீரியா வாடல் நோய். அந்தச் செடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள்; அந்த இடத்தில் சில போகங்களுக்குக் கத்தரி, மிளகாய், தக்காளி எதையும் நட வேண்டாம்.