கலைச்சொல் தேவை: டிஸ்க் பிரேக் (திங்கள் காலைக்குள்)

வே. | வெள்ளி, இரவு 9.40

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய அமெரிக்கக் கார்களை வாங்கிச் சீர்செய்யும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குத் தமிழில் துணைத்தலைப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கோப்பு போயாக வேண்டும். இந்த வாரத்துக் கதாநாயகன் 1966ஆம் ஆண்டு போன்டியாக் ஜி.டி.ஓ. எஞ்சின் 389 கன அங்குலம், ஏறக்குறைய 6.4 லிட்டர். வண்டியின் எடை 1,600 கிலோ அளவில். இத்தனையையும் நிறுத்துவதற்கு நான்கு சக்கரத்திலும் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக். முன்சக்கரங்களில் அதைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டுகிறார்கள். நாற்பது நிமிட நிகழ்ச்சியில் முப்பது நிமிடம் இதுதான்.

என் கைக்கு வந்த இயந்திர மொழிபெயர்ப்பு வரைவில் 'இந்தக் காரில் நான்கு மேளங்கள் உள்ளன' என்றிருக்கிறது. அடுத்த வரி: 'காலணிகள் தேய்ந்துவிட்டன.' அதற்கும் பிறகு: 'பிரேக்குகளில் இரத்தம் வடியவிடுங்கள்.' சிரித்து முடித்தபின் வயிற்றைக் கலக்கியது. சரியானது எது என்று எனக்கும் தெரியவில்லையே.

டிரம், டிஸ்க், காலிப்பர், பேட், மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றுக்குச் சொல் வேண்டும். ஒரு வரிக்கு 36 எழுத்து, இரண்டே வரி. வேலை கொடுத்தவர்களின் நிபந்தனை: 'முடிந்தவரை தமிழ், ஆனால் புரிய வேண்டும்.' அந்த 'ஆனால்' ஒன்றை வைத்துத்தான் நம் குழுவே இத்தனை ஆண்டுகளாக ஓடுகிறது.

த. | வெள்ளி, இரவு 10.15

வட்டுத் தடை. வகுப்பில் நான் இப்படித்தான் சொல்கிறேன். விவாதம் எதற்கு?

வே. | வெள்ளி, இரவு 10.22

ஐயா, 'முன்சக்கரங்களுக்கு வட்டுத் தடை' என்று எழுதிப் பார்த்தேன். முன்சக்கரத்தில் வட்டு வைக்கக்கூடாது என்று அரசாணை வந்ததைப் போல் இருக்கிறது. தடை என்றால் மக்களுக்கு மின்தடை, தடை உத்தரவு, சாலையில் மஞ்சள் பலகை போட்ட வேகத்தடை. வேகத்தடையைக் கண்டால் பிரேக் பிடிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லா?

இரா. மு. | சனி, காலை 5.10

அன்புடையீர்,

தடை என்பதில் குறையில்லை. பழகவில்லை என்பதே குறை. எனினும் வட்டு எனக்கு உவப்பாக இல்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் விளிம்பு மரத்துக்கு வட்டை என்று பெயர். சக்கரத்திலேயே ஒரு வட்டை இருக்க, அதன் பக்கத்தில் வட்டை வைத்தால், 'வட்டைப் பிடித்தது' என்னும்போது பிடிபட்டது வட்டா, வட்டையா?

சக்கரத்தைச் சொல்ல நம்மிடம் ஆழி இருக்கிறது. திகிரி இருக்கிறது. இளங்கோ ஞாயிற்றைப் போற்றுமிடத்தில் 'காவிரி நாடன் திகிரிபோல்' என்கிறார். திகிரி துணைத்தலைப்புக்குக் கனம் என்றால் ஆழித்தடை எனக் கொள்க. டிரம்முக்கு முழவுத்தடை. கணினி 'மேளம்' என்றதற்குச் சிரித்தீர்களே, அம்மா, ஆங்கிலத்திலும் அது மேளம்தான். அவர்கள் நூறாண்டாகச் சிரிக்காமல் சொல்லி வருகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் நம் சொல் சிரிப்பை மூட்டுகிறது?

துணைத்தலைப்பு என்பதும் பிழை. அது தலைப்பும் அன்று, தலையில் வருவதும் அன்று, அடியில் ஓடுவது. அடியுரை என்க.

நா. | சனி, காலை 7.30 (ரொறன்ரோ நேரம் வெள்ளி இரவு)

ஐயா, ஈழத்தில் ஆளி என்றால் மின்விளக்கின் சுவிட்ச். ழகரத்தை ஒழுங்காக உச்சரிக்கிறவர் எத்தனை பேர்? 'ஆழித்தடை பழுது' என்றால் மின்பணியாளர் வந்து நிற்பார்.

வட்டில் எனக்கு மறுப்பில்லை. பாட்டுக் கேட்ட தகட்டை நாங்கள் இறுவட்டு என்று சொல்லிப் பழகியவர்கள். நீங்கள் குறுந்தகடு என்றீர்கள், கணினிக்குள் இருந்ததை வன்தட்டு என்றீர்கள். ஒரே உருவத்துக்கு வட்டு, தகடு, தட்டு என்று மூன்று பெயர் வைத்துக்கொண்டு நாலாவதாக ஆழிக்குப் போவானேன்? எங்களூரில் பனையின் தலைக்கும் வட்டு என்றுதான் பெயர். அதனால் யாரும் குழம்பிப் பனையில் பிறேக் தேடவில்லை.

செ. | சனி, காலை 11.05

வணக்கம். நான் தமிழ் படித்தவன் அல்லன். சென்னை பாடியில் பிரேக் செய்யும் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். பொருளைச் சொல்கிறேன், பெயரை நீங்கள் வையுங்கள்.

டிரம்முக்குள் இரண்டு ஷூ. வீல் சிலிண்டர் அவற்றை வெளிப்பக்கம் தள்ளும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் போய் டிரம்மின் உள்சுவரில் உரசும். சுற்றுகிற டிரம்மே ஷூவை இழுத்து மேலும் இறுக்கிக்கொள்ளும், அதனால் மிதி இலேசாக இருக்கும். சூடேறினால்தான் வினை. டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். மிதி கீழே கீழே போகும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வந்த லாரியின் பக்கத்தில் நின்று பாருங்கள், லைனிங் கருகிய வாடை மூக்கில் ஏறும்.

டிஸ்க்கில் தகடு வெளியே காற்றில் சுற்றும். காலிப்பர் அதன் இரு பக்கமும் பேட்டை வைத்துக் கவ்வும். சூட்டில் தகடு தடித்தால் பேட்டை நோக்கித்தான் வரும், விலகாது. ஆனால் தானாக இறுகும் குணம் இல்லாததால் காலுக்குப் பலம் அதிகம் வேண்டும். வாக்குவம் பூஸ்டர் வைப்பது அதற்காக.

இரத்தம் வடியவிடுவது என்பதைப் பட்டறையில் 'ஏர் எடுப்பது' என்போம். ஒருவர் மிதியை நாலைந்து முறை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பார். இன்னொருவர் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறப்பார். குழாயில் ஆயிலோடு குமிழி குமிழியாக வரும். குமிழி நின்றதும் மூடிவிட்டு 'விடு' என்று குரல் கொடுப்பார். மூடும் முன்பே காலை எடுத்தால் திரும்பவும் காற்று உள்ளே போய்விடும். மிதியை அமுக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறதே, அந்த மாஸ்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. நாங்கள் யாரும் பிரேக்கைத் 'தடுப்பது' இல்லை. பிரேக் பிடிக்கிறது, பிரேக் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

வே. | சனி, காலை 11.20

ஐயா, மிக்க நன்றி. 'ஏர் எடு' நேராக உள்ளே போகிறது. 'பிடி' என்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெயர்ச்சொல்லை ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்ட தமிழர்கள் வினைச்சொல்லைத் தங்களுடையதாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் காலிப்பரை 'பிடிப்பான்' என்றோ 'கவ்வி' என்றோ சொல்லலாமா?

வரைவில் 'சோதனை வால்வை நீக்குங்கள்' என்று ஒரு வரி வருகிறது. அது என்ன?

செ. | சனி, நண்பகல் 12.40

அது எதையும் சோதிப்பதில்லை, அம்மா. செக் வால்வு. டிரம் வண்டியின் மாஸ்டரில், காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும். வீல் சிலிண்டர் ரப்பர் சுருங்கிக் காற்று புகாமல் இருப்பதற்கு. முன்னால் டிஸ்க் மாட்டிவிட்டு அதை அப்படியே விட்டால் பேட் தகட்டை உரசிக்கொண்டே ஓடும். 'அழுத்தம் தேக்கும் வால்வு' என்று போடுங்கள். 'சோதனை' என்று போட்டால் தவறு.

1966 வண்டி என்றால் மாஸ்டர் ஒற்றை அறைதான். எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரமும் போச்சு. அடுத்த ஆண்டு இரண்டு அறை வந்துவிட்டது, விருப்பத்துக்கு முன் டிஸ்க்கும் கொடுத்தார்கள். நிகழ்ச்சியில் மாஸ்டரையும் இரட்டையாக மாற்றியிருப்பார்களே? பின்பக்கத்து டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வும் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்திப் பிடிக்கும்போது பின்சக்கரம் முந்திக்கொண்டு பூட்டி, வண்டி சுற்றிவிடும்.

த. | சனி, பிற்பகல் 2.00

செ. ஐயா சொன்னதில் ஒன்று முக்கியம். டிஸ்க், டிரம் இரண்டும் ஓர் இணை. ஒன்றை வைத்தே மற்றதற்குப் பொருள். பிரிட்டனில் லாஞ்செஸ்டர் 1902இலேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1953இல் ஜாகுவார் அதைப் பூட்டி லெ மான் பந்தயத்தை வென்றது. அமெரிக்கப் பெருங்கார்கள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் டிரம்மிலேயே ஓடின. ஆகவே நமக்கும் இணையாக இரு சொல் வேண்டும். வட்டு, குடம். வட்டுத் தடை, குடத் தடை.

செ. | சனி, பிற்பகல் 2.10

வண்டியில் குடம் என்றால் ஆரக்கால் குத்தியிருக்கும் நடுக்கட்டை. ஹப். டிரம் வேறு.

இரா. மு. | சனி, மாலை 6.45

காலிப்பர் பற்றி. கவ்வி என்பது நாயை நினைவூட்டுகிறது. குறடு என்க. கொல்லர் பற்றும் கருவி குறடு. தேர்ச்சக்கரத்தில் ஆரக்கால் பொருந்தும் நடுப்பகுதிக்கும் குறடு என்பதே பெயர். ஆகவே செ. அவர்கள் சொல்லும் குடமும் இக்குறடும் ஒன்றே. பற்றுவதும் பற்றப்படுவதற்கு இடமாவதும் ஒரே சொல்லில் அடங்கும் அழகைக் காண்க.

இனி, காலிப்பர் என்னும் சொல்லே பிறமொழியோ என்று எனக்கு ஐயம் உண்டு. கால் இரண்டு விரித்துப் பொருளைப் பற்றும் கருவியாதலால் கால்+பற்று, காற்பற்று...

நா. | சனி, மாலை 7.02

ஐயா, மன்றாடிக் கேட்கிறேன். அது அரபியில் அச்சுக்கட்டையைக் குறிக்கும் 'காலிப்' வழியாக ஐரோப்பாவுக்குப் போன சொல் என்று அகராதிகள் சொல்கின்றன. காலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'குறடு குறட்டைப் பற்றியது' என்று எழுதினால் வே. அக்காவுக்கு அடுத்த வேலை கிடைக்காது.

செ. | ஞாயிறு, காலை 8.15

நேற்றிரவு தூக்கம் வரவில்லை, ஒன்று நினைவுக்கு வந்தது. எனக்குச் சொந்த ஊர் திருவாரூர். ஆழித்தேர் ஓடும்போது முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தோடு சக்கரமாக ஓடுவார்கள். கட்டையைச் செருகியதும் சக்கரம் அதன்மேல் ஏறி நெறுநெறுவென்று அரைக்கும். கட்டை புகையும். அத்தனை பெரிய தேர் ஒரு குலுக்கலோடு நிற்கும், அல்லது திரும்பும். பிறகு திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் வைத்தார்கள். அப்போதும் முட்டுக்கட்டை போய்விடவில்லை. நமக்கென்று ஒரு பிரேக் இருந்ததென்றால் அது முட்டுக்கட்டைதான். பெயர் வைக்கும் உங்களுக்கு உதவுமா என்று பாருங்கள்.

இரா. மு. | ஞாயிறு, காலை 8.40

செ. அவர்களே, தாங்கள் தமிழ் படிக்காதவர் என்று இனி எழுத வேண்டாம். முட்டு! இதுவே சொல். தடையை நானே கைவிடுகிறேன். ஆழிமுட்டு, முழவுமுட்டு.

நா. | ஞாயிறு, காலை 8.47

டிஸ்க்குக்கு வன்தட்டுக்காரர்களின் தட்டை எடுத்தால் 'தட்டுமுட்டு' ஆகிவிடும். வீட்டில் ஏராளமாகக் கிடக்கிறது.

த. | ஞாயிறு, காலை 9.30

முட்டுக்கட்டை போடுகிறான் என்றால் காரியத்தைக் கெடுக்கிறான் என்று பொருள். காசு கொடுத்து யார் அதை மாட்டிக்கொள்வார்கள்?

வே. | ஞாயிறு, காலை 10.00

இடையில் ஒரு கேள்வி. 'மஸில் கார்' என்பதற்கு வரைவில் 'தசைக் கார்' என்றிருக்கிறது. கசாப்புக் கடை வண்டி மாதிரி இல்லையா?

த. | ஞாயிறு, காலை 10.12

முறுக்குக் கார். எஞ்சினின் முறுக்குவிசைதான் அந்த வண்டியின் அடையாளமே. முறுக்கேறிய உடம்பு என்பதும் அதில் வந்துவிடும்.

இரா. மு. | ஞாயிறு, காலை 10.20

கார் என்பது மேகம். முறுக்குச் சீருந்து.

நா. | ஞாயிறு, காலை 10.21

சீடைச் சீருந்து எப்போது வரும்?

வே. | ஞாயிறு, காலை 10.30

'முறுக்குக் கார்' எனக்குப் பிடித்துவிட்டது. முதல் முறை மட்டும் 'முறுக்கேறிய கார்' என்று போட்டு அறிமுகம் செய்துவிடுகிறேன். முறுக்குச் சீருந்து வேண்டாம், ஐயா, மன்னிக்க வேண்டும்.

ஒருங்கிணைப்பாளர் | ஞாயிறு, இரவு 8.00

இதுவரை 94 மடல்கள். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினேன். வட்டு பிரேக்: ஆறு. டிஸ்க் பிரேக் என்றே விடலாம்: ஐந்து. ஆழிமுட்டு: ஒன்று. காலிப்பருக்குக் கவ்வி: எட்டு. டிரம் டிரம்மாகவே இருக்கட்டும் என்பதில், ஒருவர் நீங்கலாக, எல்லோரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். இந்தக் குழுவில் நான் கண்ட முதல் ஒற்றுமை. வே. தம் விருப்பப்படி முடிவு செய்யலாம்.

இரா. மு. | ஞாயிறு, இரவு 8.25

என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு இணங்கக் கொள்ளச் சொன்ன தொல்காப்பியர் இங்கும் ஒப்புவார் என்று நீங்கள் வாதிடக்கூடும் என்பதால் அதைப் பற்றி நாளை விரிவாக எழுதுவேன். பிரேக்கை ஏற்றாலும் இலக்கணத்தை விட முடியாது. வட்டு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். வலி மிகும். வட்டுப் பிரேக்.

த. | ஞாயிறு, இரவு 8.40

ஐயா, பிரேக்கின் முதலெழுத்தை எல்லோரும் மெல்ல அதிர்வோடுதான் சொல்கிறோம். முன்னால் 'ப்' போட்டால் ஒலி மாறிவிடும். வட்டு பிரேக் என்றே இருக்கட்டும்.

இரா. மு. | ஞாயிறு, இரவு 8.44

எழுத்துக்கு இலக்கணமா, வாய்க்கு இலக்கணமா?

வே. | திங்கள், காலை 8.52

கோப்பு போய்விட்டது. அனைவருக்கும் நன்றி. வட்டு பிரேக், கவ்வி, டிரம், பேட், மாஸ்டர், ஏர் எடு, அழுத்தம் தேக்கும் வால்வு. 'ப்' போடவில்லை. பதினான்காம் நிமிடத்து வரி சரியாக 36 எழுத்தில் நின்றது: 'இனி இந்தக் காருக்கு முன்னால் வட்டு பிரேக்'. தட்டச்சு மென்பொருள் புள்ளியையும் கொம்பையும் எப்படி எண்ணுகிறதோ, அதன் கணக்கு அது. இன்னும் ஓர் எழுத்து போட்டால் சிவப்புக் கோடு விழுகிறது.

இரா. மு. | திங்கள், காலை 9.03

'இந்தக் காருக்கு' என்பதை எடுத்திருக்கலாமே, அம்மா. திரையில்தான் கார் தெரிகிறதே.