டேங்கின் இரு பக்கமும் குழிந்தது எப்படி?

கேள்வி (அஸ்தம்பட்டி):
வணக்கம். சென்ற சனிக்கிழமை மாலை ஏற்காட்டில் என் பைக்கின் பெட்ரோல் டேங்கை முழுவதுமாக நிரப்பி, இரவு உறவினர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் சேலத்துக்கு இறங்கினேன். வீட்டில் வண்டியைத் துடைக்கும்போதுதான், முழங்கால் அணையும் இடத்தில், டேங்கின் இரு பக்கமும் உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருந்ததைக் கவனித்தேன். பெயின்டில் கீறல் இல்லை. வண்டி கீழே விழவும் இல்லை. குரங்கு குதித்திருக்கும் என்கிறார் அம்மா. யாரோ உதைத்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். இது நான்கு வருடம் ஓடிய, பம்ப் மூலம் பெட்ரோலை இன்ஜினுக்குச் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் வண்டி.

பதில் (ஐந்து ரோடு):
ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பத்தைத் தடுக்கும் ஸ்டாப்பர் உடைந்திருந்தால் ஹேண்டில் டேங்கில் இடிக்கும். ஆனால் அந்தக் குழி டேங்கின் முன்பகுதியில், பிறை வடிவில், பெயின்ட் உரிந்து தெரியும்.

பதில் (பட்டறை வைத்திருப்பவர்):
தம்பி, குரங்கு குதித்தால் மேலேதான் நசுங்கும். உதைத்தால் ஒரு பக்கம்தான் குழியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கீறலில்லாமல் உள்வாங்கியிருந்தால், வெளிக்காற்றின் அழுத்தமே டேங்கை நசுக்கியிருக்கிறது. பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே வருவதற்கு மூடியிலோ அதனோடு சேர்ந்த ஹோஸிலோ ஒரு வழி இருக்கும். அது அடைபட்டால் பம்ப் இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடம் உண்டாகும். நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு என்பதால், சிறிது பெட்ரோல் செலவானாலும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். இதோடு இரவுக் குளிரில் ஆவி சுருங்கியிருக்கும். அதற்கு மேல், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மூடிய டேங்கோடு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, காற்றழுத்தம் கூடுதலாக உள்ள சேலத்துக்கு வந்திருக்கிறீர்கள். அந்த உயர வேறுபாடு மட்டுமே ஒரு சதுர அடித் தகட்டின்மேல் நூறு கிலோவுக்கு மேல் சுமை ஏற்றப் போதுமானது. மூடியைத் திறந்தபோது "உஸ்" என்று சத்தம் வந்ததா?

கேள்வி கேட்டவர்:
வந்தது ஐயா, நீண்ட சத்தம்; அதைப் பெட்ரோல் ஆவி என்றே நினைத்தேன். இன்று டேங்கைத் தூக்கிப் பார்த்தபோது, கீழே இறங்கும் ஹோஸின் முனையில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. குச்சியால் குத்தியதும் செம்மண் உருண்டையாக விழுந்தது. மழைக்காலத்தில் வண்டி இரண்டு மாதம் கொட்டகையிலேயே நின்றது. நல்லவேளை, பக்கத்து வீட்டாரிடம் கேமராப் பதிவு கேட்கவில்லை.

பதில் (பட்டறை வைத்திருப்பவர்):
ஹோஸை மாற்றிவிடுங்கள், மூடியின் வால்வையும் சுத்தம் செய்யுங்கள். குழியை எடுக்கிறேன் என்று கம்ப்ரெசர் காற்றை டேங்குக்குள் அடிக்க யாரையும் விடாதீர்கள். தகடுகளை இணைத்திருக்கும் தையல் விட்டுப்போகும், பெட்ரோல் ஆவி இருந்தால் ஆபத்தும் உண்டு. பெயின்ட் கெடாததால், பசை ஒட்டி வெளியே இழுத்தே சரிசெய்யும் டிங்கரிங்காரரிடம் காட்டலாம். மடிப்பு விழுந்த இடத்தில் பெட்ரோல் கசிகிறதா என்று அதற்கு முன் பார்த்துவிடுங்கள்.