கல்லில் இருக்கும் சிலிக்கான் சிப் ஆவதற்கு எது தடை?

பர்கூர்வாசி

வணக்கம். பர்கூர் பக்கம் கிரானைட் அறுத்து மெருகேற்றும் தொழில் செய்து வருகிறேன். சிப் சிலிக்கானால் ஆனது, அந்தச் சிலிக்கான் மணலிலும் கல்லிலும் இருக்கிறது என்று பள்ளியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். எங்கள் குவாரிகளில் விலை போகாத கழிவுக் கல் மலைபோல் குவிந்து கிடக்கிறது. மூலப்பொருள் இவ்வளவு மலிவாகக் கிடைத்தும், உயர்தரச் சிப் செய்யும் நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிறார்களே, தடை பணமா, இயந்திரமா, வேறு ஏதாவதா? ஓசூர் அருகே செல்பேசித் தொழிற்சாலை வந்த பிறகு அங்கேயே சிப் தயாராகிறது என்றும் பலர் பேசிக்கொள்கிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அரூர் இயற்பியல் ஆசிரியர்

ஐயா, ஓசூரில் சிப் தயாராவதில்லை. செல்பேசியின் உலோக உறைகளைச் செய்வதும், வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பூட்டி முழுச் செல்பேசியாக்குவதும்தான் அங்கே நடைபெறுகின்றன.

கல்லைப் பொறுத்தவரை உங்கள் மகள் சொல்வது சரியே. ஆனால் கருப்பு கிரானைட் என்ற பெயரில் நம் பகுதியில் விற்பனையாகும் கல் பெரும்பாலும் டாலரைட் வகையைச் சேர்ந்தது. அதில் தனிக் குவார்ட்ஸ் (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம்) மிகக் குறைவு. மற்ற கிரானைட்டுகளில் குவார்ட்ஸ் இருந்தாலும் ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் அதனுடன் பின்னிக் கிடக்கின்றன. எனவே தூய குவார்ட்ஸிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதைக் கரியுடன் சேர்த்து மின்வில் உலையில் உருக்கினால் 98 அல்லது 99 சதவீதத் தூய்மையுள்ள சிலிக்கான் கிடைக்கும். அலுமினியக் கலவைகளுக்கு அது போதும், சிப்புக்குப் போதாது. அதனால் அதை டிரைகுளோரோசிலேன் என்ற திரவமாக மாற்றுகிறார்கள். ஏறத்தாழ 32 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம் என்பதால், அதை வாலைவடித்துக் கலப்புகளை நீக்கி, 99.9999999 சதவீதத் தூய்மையுடன் சிலிக்கானைத் திரும்பப் பெற முடிகிறது. அதன் பின் 1,414 டிகிரிக்கு மேல் உருக்கி, ஒரு சிறு விதைப் படிகத்தை அதில் தொட்டு, மெல்லச் சுழற்றியபடியே மேலே இழுத்தால் ஒரே படிகமாக ஓர் உருளை வளர்கிறது. அதை 300 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனும் கொண்ட வேஃபர் என்னும் வட்டத் தகடுகளாக அறுத்து மெருகேற்றுகிறார்கள். அறுப்பதும் மெருகேற்றுவதும் உங்கள் தொழில்தான் என்றாலும், இங்கே அணுக்களின் அளவில் மேடு பள்ளம் பார்க்கிறார்கள்.

இந்த வேஃபர் தொழிலிலேயே ஜப்பானின் ஷின்எட்சுவும் சம்கோவும் முன்னணியில் நிற்கின்றன. சிப் என்ற சொல்லுக்கு உரிய வேலை இன்னும் தொடங்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஓசூர் டூல்ரூம்

இயந்திரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். நாங்கள் கிரைண்டிங் செய்யும் டையில் 5 மைக்ரான் கூடினாலோ குறைந்தாலோ வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடுவார். சிப்பில் ஒரு படலத்தின் மீது அடுத்த படலத்தின் வடிவம் சில நானோமீட்டருக்குள் பொருந்தி அமர வேண்டும். ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்ததுதான் ஒரு மைக்ரான், ஆயிரம் மைக்ரான் சேர்ந்ததுதான் ஒரு மில்லிமீட்டர்.

அந்த வடிவங்களை ஒளியால் அச்சிடுகிறார்கள். மிக நுண்ணிய கோடுகளுக்கு 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி தேவை. அதை உண்டாக்க, வெற்றிடத்தில் நொடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகளைச் சொட்டவிட்டு, ஒவ்வொரு துளியையும் பறக்கும்போதே லேசரால் அடிக்கிறார்கள். முதல் அடியில் துளி தட்டையாகிறது. அடுத்த அடியில் பிளாஸ்மாவாகி அந்த ஒளியை உமிழ்கிறது. கண்ணாடியும் காற்றும்கூட அந்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால் லென்ஸ் வைக்க வழியில்லை, வளைந்த ஆடிகளால்தான் திருப்ப வேண்டும். ஓர் ஆடி ஏறக்குறைய 70 சதவீதத்தையே திருப்பித் தருவதால், பல ஆடிகளைக் கடந்து வேஃபரில் விழுவது மிகச் சொற்பமே. இந்த இயந்திரத்தை நெதர்லாந்தின் வெல்ட்ஹோவனில் உள்ள ஏஎஸ்எம்எல் நிறுவனம் மட்டுமே விற்கிறது. ஆடிகளும் லேசரும் ஜெர்மனியின் சைஸ், டிரம்ப் நிறுவனங்களிலிருந்து வருகின்றன. (அரசியல்வாதி டிரம்ப் வேறு, இந்த நிறுவனம் வேறு. நம் ஊர்ப் பட்டறைகளில் தகடு வெட்டும் லேசர் இயந்திரம் செய்பவர்களும் அவர்களே.)

பணம் இருந்தால் வாங்கிவிடலாம் என்றும் சொல்ல முடியாது. சீனாவுக்கு இந்த இயந்திரத்தை விற்க நெதர்லாந்து அரசு அனுமதிக்கவில்லை. ஆயினும் ஷாங்காயின் எஸ்எம்ஐசி நிறுவனம் பழைய 193 நானோமீட்டர் ஒளியைக் கொண்டே ஒரே படலத்தைப் பல முறை அச்சிட்டு 7 நானோமீட்டர் வகைச் சிப்புகளைச் செய்தது (இந்த எண் குறையக் குறைய சிப் நுட்பமானது). 2023இல் ஹுவாவே செல்பேசியில் அவை வெளிவந்தன. செலவு கூடும், கழிவும் கூடும், ஆனால் முடிந்தது.

தேன்கனிக்கோட்டை

பெங்களூரில் சிப் வடிவமைப்புத் துறையில் பணிபுரிகிறேன். மேலே இருவர் எழுதியதும் சரியே. ஆயினும் என் கணிப்பில் பெரிய தடை ஈல்டுதான், அதாவது ஒரு வேஃபரில் எத்தனை சிப் தேறுகிறது என்பது. பல நூறு படிகளைக் கடந்து வெளியே வர ஒரு வேஃபருக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக ஒரு குறை அங்கங்கே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டர் சிப்புகளில் சுமார் 37 சதவீதம் தேறும். நான்கு சதுர சென்டிமீட்டர் சிப் செய்தால் 2 சதவீதம்கூடத் தேறாது. அந்தக் குறைகளை ஒவ்வொன்றாகத் தேடிக் களையும் பழக்கத்தை இயந்திரத்துடன் சேர்த்து யாரும் விற்பதில்லை. 1987இல் மோரிஸ் சாங் தொடங்கிய தைவானின் டிஎஸ்எம்சி, சொந்தமாகச் சிப் வடிவமைக்காமல் பிறருக்குச் செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டதால், எல்லோருடைய சிப்பிலும் வந்த குறைகளிலிருந்து கற்றுக்கொண்டது. முன்னணித் தரத்தில் இன்று அதனுடன் நிற்பவை சாம்சங்கும் இன்டெலும் மட்டுமே.

ஆனால் எல்லாச் சிப்பும் முன்னணித் தரத்தில் இருக்க வேண்டியதில்லை. சென்னை ஐஐடியின் சக்தி செயலி 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும் செய்யப்பட்டது, நம் நாட்டு எஸ்சிஎல் ஆலையின் 180 நானோமீட்டர் முறையிலும் செய்யப்பட்டது. மொகாலியில் உள்ள அதே எஸ்சிஎல்தான் ராக்கெட்டுகளுக்கான விக்ரம் 3201 செயலியையும் செய்கிறது. 1989இல் நேர்ந்த தீவிபத்து அந்த ஆலையைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிவிட்டது. குஜராத்தின் தொலேராவில் தைவானின் பிஎஸ்எம்சியுடன் சேர்ந்து டாடா கட்டிவரும் ஆலை, வாகனங்களுக்கும் வீட்டுச் சாதனங்களுக்கும் பயன்படும் 28 நானோமீட்டர் போன்ற வகைகளையே இலக்காகக் கொண்டுள்ளது. அதுவே சரியான தொடக்கம் என்பது என் கருத்து.

பர்கூர்வாசி

மிக்க நன்றி. அப்படியானால் நம் மாவட்டங்களில் ஆலை அமைய வாய்ப்பே இல்லையா?

தேன்கனிக்கோட்டை

வேஃபரில் சிப் அச்சிடும் ஆலையைப் பற்றி எனக்கு நம்பிக்கை இல்லை. பல படிகளுக்குப் பின் வேஃபரை மீத்தூய நீரால் கழுவ வேண்டும். 2021 வறட்சியின்போது டிஎஸ்எம்சியே லாரியில் தண்ணீர் வரவழைக்க நேர்ந்தது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, குடிப்பதற்கே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் மாவட்டங்கள் நம்முடையவை. சிப்புகளை வெட்டிப் பொதிந்து சோதிக்கும் ஆலைகளுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை. சிப் இயந்திரங்களுக்கான வெற்றிடக் கலன்களையும் உலோகப் பாகங்களையும் கடைந்து தரும் வேலை ஓசூர்ப் பட்டறைகளின் திறனுக்கு இன்னும் நெருக்கமானது. உங்கள் மகளுக்கு இத்துறையில் ஆர்வம் இருந்தால், எலெக்ட்ரானிக்ஸ் மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். சிப் ஆலைகளுக்கு வேதியியலும் உலோகவியலும் படித்தவர்களும் தேவைப்படுகிறார்கள்.