ஊர்ப் பக்கப் படங்கள்: முகம் கறுத்துப்போவது முதல் போக்சோ வரை

பக்க வடிவமைப்பாளர்:
வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேர் வரிசையாக நிற்கும் படம்தான் பத்திரிகையின் ஊர்ப் பக்கத்துக்கு அதிகம் வருகிறது. அச்சில் அதிகம் கெடுவதும் அதுவே. கேமரா சட்டையின் வெண்மையை வைத்து வெளிச்சத்தைக் கணக்கிடுவதால் முகம் இருண்டுவிடும். மொபைலில் எடுப்பவர்கள் திரையில் முகத்தைத் தொட்டுவிட்டு எடுத்தாலே பாதி சரியாகும். மீதி எங்கள் வேலை. பத்திரிகை அச்சாகும் நியூஸ்பிரிண்ட் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். படம் சிறுசிறு மைப் புள்ளிகளாகத்தான் அச்சாகும்; கோப்பில் 50 சதவீத இடத்தை நிரப்பும் புள்ளி தாளில் 70-ஐத் தாண்டிவிடும். அதனால் படம் திருத்தும் மென்பொருளின் கர்வ்ஸ் கருவியில் நடுத்தொனியை (மிக வெளிச்சமும் மிக இருளும் அல்லாத பகுதியை) மட்டும் தூக்க வேண்டும். பிரைட்னஸைக் கூட்டினால் வேட்டி மடிப்பெல்லாம் வெறும் வெள்ளையாகிவிடும். ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் (நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) சதவீதங்களைக் கூட்டினால் 240-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டும்.

பகுதிநேர நிருபர்:
வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலுக்குச் சுருங்கும். அச்சில் அங்குலத்துக்கு 200 பிக்சல் வீதம் 8 அங்குலம் வரும், முழுப் படத்துக்குப் போதும். ஓரத்தில் நிற்கும் ஒருவரை மட்டும் வெட்டியெடுத்தால் 300 பிக்சல்தான் தேறும். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பெரிதாக்க முடியாது. பெயர்களை அங்கேயே நின்று ‘இடமிருந்து’ என்று எழுதிவிட வேண்டும். செல்ஃபி கேமராவில் எடுத்த படம் இடவலம் மாறியிருக்கலாம், பேனர் எழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

துணை ஆசிரியர்:
தம்பி சொன்னதோடு ஒன்று. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் (2012) 23-வது பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் படத்தை மட்டும் தடுக்கவில்லை. வீடு, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டும் எதுவும் வெளியாகக் கூடாது. கண்மேல் கறுப்புப் பட்டை போட்டுவிட்டு சீருடையையும் தெருவையும் விட்டுவைத்தால் ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்தச் செய்திக்குப் படமே வேண்டாம் என்பேன். கைதானவர் முகத்தைப் போடும்முன் அடையாள அணிவகுப்பு (பலரை நிறுத்தி அவர்களில் ஆளைச் சாட்சி காட்டுவது) முடிந்ததா என்று காவல் நிலையத்தில் கேளுங்கள். அது முடியும்முன் படம் வந்துவிட்டால், சாட்சி பத்திரிகையில் பார்த்துத்தான் ஆளைக் காட்டினார் என்று எதிர்த்தரப்பு வாதிடும், வழக்கே பலவீனமாகும்.

பக்க வடிவமைப்பாளர்:
ஆமாம் ஐயா. மங்கலாக்குவதையும் பக்கத்தில் வைத்தபின் செய்யக் கூடாது. மூலப் படத்திலேயே மறைத்து, தனிக் கோப்பாகச் சேமித்து, அதை மட்டும் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் மறைக்காத கோப்பு இணையப் பதிப்புக்குப் போய்விடும்.